ஒண்ணாந்தேதி நின்றுபோகும் வண்டி



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே எங்கள் வகுப்பில் கவிதைகள் குவிந்துவிட்டன. நிலாவைப் பற்றி மூன்று, நட்பைப் பற்றி ஐந்து, அரியரைப் பற்றி ஒன்று. எனக்குக் கவிதை வராது. தெரிந்த ஒன்றை எழுதலாம் என்று யோசித்தபோது ரப்பர் டியூப்தான் ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்க வேண்டாம்! ஒரு விரல் நீள டியூப்பும், ஊசி முனை அளவு ஓட்டையும் சேர்ந்து ஒரு குடும்பத்தை எட்டு மாதம் ஆட்டி வைத்த கதை இது. கதையோடு கொஞ்சம் பாடமும் உண்டு. பரீட்சைக்கு வராவிட்டாலும், நடுரோட்டில் வண்டி நின்றால் உதவும்.

எங்கள் வீட்டு வண்டி

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவர். அவருக்குப் பால் வியாபாரம். விடியற்காலை நாலரை மணிக்கு வீடு வீடாகப் பால் எடுத்து, இரண்டு கேன்களில் ஊற்றி, வண்டியின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு, 14 கி.மீ. தள்ளியிருக்கும் டவுனுக்குக் கிளம்புவார். வழியில் ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. அங்கே கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தை டவுன் கடைகளுக்குக் கொண்டுபோவார். என் செமஸ்டர் ஃபீஸ் அந்த இரண்டு கேன்களில் இருந்துதான் வருகிறது.

வண்டி 2011 மாடல். 100 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக், கார்ப்ரேட்டர் வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். நம் ஊர்களில் தெருவுக்கு நாலு நிற்கும். டேங்க் 10 லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும்.

அந்த வண்டிக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இழுவை குறையும், இரண்டு தடவை திணறும், நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்துக் கிக்கரை உதைத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். இன்னொரு தொல்லையும் இருந்தது. நிற்கும் இடத்தில் ஐடிலிங் ஒரே சீராக இருக்காது. ஏறும், இறங்கும். ஆக்சிலேட்டரை விட்டவுடன் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கும்.

பால் காத்திருக்குமா? வெயில் ஏறினால் திரிந்துவிடும். இரண்டு தடவை நேரம் தப்பியதில் ஒரு டீக்கடைக்காரர் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் ஆறு மணிக்கு டீ போட்டாக வேண்டும்.

அம்மாவுக்கு இது திருஷ்டி. காரணமும் வைத்திருந்தார். "மாசா மாசம் ஒண்ணாந்தேதிதான்டா நிக்குது. பால்காசு கைக்கு வர்ற நாளாப் பாத்து ஊரு கண்ணு படுது." எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் ஹேண்டில்பாரில் தொங்கின. மெக்கானிக் அண்ணன் பிளக் மாற்றினார். கார்ப்ரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினார். ஏர் ஃபில்டர் மாற்றினார். கடைசியில், "அண்ணே, கார்ப்ரேட்டரே போயிருச்சு. புதுசு போட்டா மூவாயிரத்துக்குப் பக்கம் வரும். அதுக்கு எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு வேற வண்டி எடுத்துருங்க" என்று கைவிரித்தார்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் முன்பணம். முன்பணம் என்றால் வீட்டில் இருந்த ஒரே பணம். அது பிளஸ் டூ முடிக்கப்போகும் என் தங்கச்சியின் காலேஜ் அட்மிஷனுக்காக அம்மா சீட்டுப் போட்டு எடுத்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா சொன்ன ஒரு வார்த்தை

செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் ஆட்டோமொபைல் சார் அடிக்கடி சொல்வார்: "ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி வண்டிக்காரனைக் கேளு." அதைத்தான் செய்தேன். எப்போது நிற்கிறது, எத்தனை கிலோமீட்டரில், மழையிலா வெயிலிலா, நின்றதும் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார். "நூறு ரூவாக்கு பெட்ரோல் போட்டா பெரும்பாலும் டவுனு வரைக்கும் போயிரும்டா. டேங்க் நெறயப் போட்ட அன்னைக்குத்தான் கம்மாக்கரை ஏறுறதுக்குள்ள நின்னுரும். இதச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. பெட்ரோல் இல்லாம வண்டி நிக்கும், பெட்ரோல் இருந்தா நிக்குமாண்ணு கேக்குறாங்க."

நண்பர்களே, நானும் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனேன். ஆனால் அப்பா பொய் சொல்பவர் அல்ல. தினமும் அந்த வண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர். அவர் பார்த்தது உண்மை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஒண்ணாந்தேதி சமாச்சாரமும் அப்போதே புரிந்தது. பால்காசு வரும் ஒண்ணாந்தேதிதானே அப்பா டேங்கை நிரப்புவார்!

பெட்ரோலைத் தள்ளுவது யார்?

இங்கே கொஞ்சம் பாடம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் வென்சுரிமீட்டர் முன்னால் நின்று, ஆடிக்கொண்டே இருக்கும் மெர்க்குரி மட்டத்தை முறைத்துப் பார்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். குழாய் குறுகும் இடத்தில் ஓட்டம் வேகமாகும், அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-லேயே புத்தகத்தில் எழுதிய விஷயம். வென்சுரி 1797-ல் குறுகலான குழாயில் செய்து காட்டியது. அதே குறுகலான குழாய்தான் கார்ப்ரேட்டருக்குள் இருக்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று அந்தக் குறுகலான தொண்டை வழியே பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் தலைக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம், அதாவது சுமார் 101 கிலோ பாஸ்கல், அப்படியே இருக்கிறது. மேலே குறைவு, கீழே அதிகம். அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றுதான் தள்ளிவிடுகிறது! எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும் என்று படித்திருக்கிறோம். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது இந்த அழுத்த வித்தியாசம்தான்.

ஆகவே வெளிக்காற்று வரவேண்டிய இடத்தில் வழி அடைத்தாலும் கோளாறு, வரக்கூடாத இடத்தில் ஓட்டை விழுந்தாலும் கோளாறு. வென்ட் டியூப், வாக்குவம் டியூப் இரண்டின் தத்துவமும் இந்த ஒரு வரிதான். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வண்டியின் டியூப்பையும் விளங்கிக்கொள்ளலாம்.

டேங்க் மூடியின் மூச்சு

டேங்கில் இருந்து பெட்ரோல் கீழே இறங்குவதற்குப் பம்பு கிடையாது. உயரம்தான் இறக்குகிறது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். தூசியும் துருவும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

முழு டேங்கில் பெட்ரோல் மட்டம் கார்ப்ரேட்டருக்கு 30 செ.மீ. மேலே என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரம் கொடுக்கும் அழுத்தம் சுமார் 2.2 கிலோ பாஸ்கல். வெளிக்காற்று அழுத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம். டேங்குக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் இந்த 2 சதவீதம் குறைந்துவிட்டால் பெட்ரோல் இறங்காது. பாயில் 1662-ல் சொன்ன விதிப்படி, காற்றின் கொள்ளளவு 2 சதவீதம் கூடினால் அழுத்தம் 2 சதவீதம் குறையும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் 1 லிட்டர்தான். அதில் 2 சதவீதம் 20 மி.லி. பால் கேனோடு லிட்டருக்கு 50 கி.மீ. என்று வைத்தால் 20 மி.லி.க்கு 1 கி.மீ.! கம்மாக்கரை எங்கள் வீட்டில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர். கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது அந்த அரை கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்ளும்.

நூறு ரூபாய்க்குப் போட்டால்? டேங்கில் 1 லிட்டர் பெட்ரோல், 9 லிட்டர் காற்று. மட்டமும் இறங்கிவிடும். 20 செ.மீ. என்று வைத்தால் அழுத்தம் 1.4 கிலோ பாஸ்கல்தான். 9 லிட்டரில் 1.4 சதவீதம் 126 மி.லி. அதற்கு 6 கி.மீ.க்கு மேல் ஓடும். அதற்குள் ஐந்தாவது கிலோமீட்டர் டீக்கடை வந்துவிடுகிறது. அப்பா பால் ஊற்றி, ஒரு டீ குடித்து, பேசிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அரைகுறை அடைப்பு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். மறுபடி புதுக்கணக்கு! பெட்ரோல் ஆவியைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் அப்பா சொன்னதோடு ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எல்லோரும் சிரித்த அந்த வார்த்தை பாயில் விதியின்படி நூற்றுக்கு நூறு சரி.

மெக்கானிக் அண்ணனுக்கு ஏன் பிடிபடவில்லை? வண்டி நின்றால் நாம் முதலில் என்ன செய்வோம்? மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று வண்டியை ஆட்டிப் பார்ப்போம். மூடியைத் திறந்த அந்த நொடியே காற்று 'புஸ்' என்று உள்ளே போய்விடுகிறது. நோய் தீர்ந்துவிடுகிறது! பட்டறைக்குப் போன வண்டி ஒவ்வொரு முறையும் நல்ல வண்டியாகவே நின்றதில் வியப்பென்ன?

சோதித்துப் பார்ப்பது எப்படி?

கணக்குச் சரியாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. வண்டியில் பார்க்க வேண்டும். மெக்கானிக் அண்ணனையே கூப்பிட்டேன். அவர் இல்லாமல் செய்தால் அது மரியாதை அல்ல. எட்டு மாதமாகப் பாதி நாள் காசு வாங்காமல் பார்த்தவர் அவர்.

வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, டேங்கை நிறைத்து மூடியைப் பூட்டினோம். கார்ப்ரேட்டரில் மாட்டியிருந்த பெட்ரோல் டியூப்பைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு டேப்பைத் திறந்தோம். முதலில் நன்றாக ஊற்றியது. பிறகு நூலாக மெலிந்தது. பிறகு சொட்டு. பிறகு அதுவும் நின்றது. அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப மூடியத் தெறங்க அண்ணே" என்றேன். திறந்தார். புஸ்! பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டியது. அண்ணன் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். "தம்பி, இத்தன வருசமா மூடியத் தொறந்து தொறந்து பாத்து நானே நோயை வெரட்டி விட்ருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மூடியைப் பிரித்து, பெட்ரோலில் ஊறவைத்து, அடைப்பை மெல்லிய கம்பியால் எடுத்து, சைக்கிள் பம்பால் ஊதினோம். நின்றுபோகும் நோய் அன்றோடு ஒழிந்தது.

இரண்டாவது நோய்

ஆனால் ஐடிலிங் ஆட்டமும் 'பட் பட்' வெடியும் அப்படியே இருந்தன. அண்ணன் ஏர் ஸ்க்ரூவைத் திருகப் போனார். "அண்ணே, ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டு மாத்துனா எது சரிபண்ணுச்சுன்னு தெரியாமப் போயிரும்" என்றேன். ஒத்துக்கொண்டார். பிளக்கைக் கழற்றினோம். முனை வெள்ளையாக வெளுத்திருந்தது. நல்ல எஞ்சின் என்றால் இளம்பழுப்பாக இருக்கும், பெட்ரோல் அதிகமானால் கறுப்பாகும். வெள்ளை என்றால் காற்று அதிகம். எங்கிருந்து வருகிறது இந்த அதிகப்படிக் காற்று?

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் புகையைக் குறைக்க ஒரு ஏற்பாடு உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து கொஞ்சம் சுத்தமான காற்றை எக்ஸாஸ்ட் வாசலில் விடுவார்கள். எரியாமல் மிச்சமாகி வரும் பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் அங்கேயே எரிந்துபோகும். ஆனால் ஓட்டுபவர் ஆக்சிலேட்டரைத் திடீரென்று விட்டால், எரியாத பெட்ரோல் நிறைய வரும். அப்போது காற்றும் சேர்ந்தால் சைலன்சருக்குள் வெடிக்கும். அதனால் அந்த நேரம் மட்டும் காற்றை நிறுத்த ஒரு வால்வு. அந்த வால்வுக்கு "இப்போது மூடு" என்று கட்டளை கொடுப்பது யார்? இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து வரும் ஒரு மெல்லிய வாக்குவம் டியூப்! ஆக்சிலேட்டரை விட்டதும் மேனிஃபோல்டில் வாக்குவம் கூடும். டியூப் வழியாக அது வால்வின் டயாப்ரத்தை இழுத்து மூடும். வண்டிக்கு வண்டி அமைப்பு கொஞ்சம் மாறும். தத்துவம் இதுதான்.

இந்த டியூப் வெடித்தால் இரண்டு கெடுதி ஒரே நேரத்தில் நடக்கும். ஓட்டை வழியாக மேனிஃபோல்டுக்குள் கணக்கில் வராத காற்று புகும். ஐடிலிங் ஆடும், எஞ்சின் சூடாகும், பிளக் வெளுக்கும். கட்டளை போய்ச் சேராததால் வால்வு மூடாது. சைலன்சர் வெடிக்கும். எங்கள் வண்டியின் இரண்டு புகாருக்கும் முகவரி ஒன்றே என்று நினைத்தேன்.

வண்டியை ஐடிலிங்கில் விட்டு, செடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு இணைப்பாக அடித்தோம். பெட்ரோல், கார்ப்ரேட்டர் கிளீனர் இவற்றைச் சூடான எஞ்சின் மேல் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. வேண்டாம் நண்பர்களே, தீப்பிடிக்கும்! கசிவுக்குத் தண்ணீரே போதும். தண்ணீர் ஒரு நொடி ஓட்டையை அடைக்கும். எஞ்சின் சத்தம் மாறும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் அடித்தோம். மாற்றமில்லை. வாக்குவம் டியூப்பின் அடிமுனையில் அடித்தோம். சத்தம் சட்டென்று மாறியது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி டியூப்பை வளைத்துப் பார்த்தால், கிளாம்புக்கு அடியில் ஒரு வெடிப்பு. வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. டியூப்பைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்டின் மூக்கை அண்ணன் விரலால் அடைத்துக்கொள்ள, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஐடிலிங் தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராக நின்றது!

இன்னொரு சோதனையும் செய்தோம். மெடிக்கல் கடையில் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியில்லாமல், வால்வின் வாக்குவம் முனையில் துண்டு டியூப்பால் மாட்டி பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பிடித்தோம். இழுவை அப்படியே நின்றது. டயாப்ரம் கிழியவில்லை, வால்வு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கிழிந்திருந்தால் இழுக்க இழுக்கக் காற்று வந்துகொண்டே இருக்கும். வாக்குவம் கேஜ் வாங்க முடியாத நமக்கு இந்தச் சிரிஞ்சே கேஜ்.

புது டியூப் 40 ரூபாய். மூடி சுத்தம் செய்யக் காசே இல்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை மறுபடி சரிபண்ணிக் கொடுத்தார் அண்ணன். காசு வாங்கவில்லை. "கார்ப்ரேட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்று அப்பாவிடம் அவரே சொன்னார்.

மற்ற டியூப்களையும் பாருங்கள்

அதற்குப் பிறகு அப்பா நிறையப் பேச ஆரம்பித்தார். "மழைத் தண்ணியில எறங்கி ஏறுனா கொஞ்ச நேரம் தெணறுதுடா, அது ஏன்?" என்றார். அது கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் வென்ட் டியூப். பெட்ரோலின் தலைக்கு மேல் வெளிக்காற்று இருக்க வேண்டும் என்றேனே, அந்தக் காற்று வரும் வழி. அதன் முனை தண்ணீரில் முங்கினாலோ, சகதி அடைத்தாலோ, எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் நசுங்கினாலோ பெட்ரோல் மேலே ஏறாது. எங்கள் வண்டியில் டியூப் கீழே சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குரிய கிளிப்பில் மாட்டினோம், அவ்வளவுதான்.

இன்னும் சில குறிப்புகள். பட்டறைக்குப் போகும் நண்பர்களுக்குப் பயன்படும்.

கார்ப்ரேட்டர் டியூப்பில் பெட்ரோல் சொட்டுகிறது என்று முனையை ஸ்க்ரூ வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓவர்ஃப்ளோ. ஃப்ளோட் அல்லது நீடில் சரியில்லை என்று நமக்குச் சொல்கிறது. வாயை அடைத்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் போய் ஆயிலோடு கலக்கும். டியூப்பை விட்டுவிட்டு நீடிலைப் பாருங்கள்.

எஞ்சின் கிராங்க் கேஸில் இருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போவது பிரீதர் டியூப். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு வெளியேறும் வழி. இது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாகக் கசியும். சீலை மாற்றிக்கொண்டே இருப்போம், கசிவும் வந்துகொண்டே இருக்கும்.

ஆசிட் ஊற்றும் பழைய பேட்டரிகளில் ஒரு வென்ட் டியூப் உண்டு. அது நசுங்கினால் பேட்டரி உப்பிவிடும். கழன்று கிடந்தால் ஆசிட் ஆவி ஃப்ரேமையும் செயினையும் தின்னும்.

அவசரத்துக்கு டிரிப்ஸ் டியூப்பை வெட்டி மாட்டுவது நம் ஊர் வழக்கம். பெட்ரோல் பட்டால் அது கல்லாக இறுகிவிடும். எஞ்சின் சூட்டில் இளகி, வாக்குவத்தில் வாய் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலுக்கென்றே வரும் ரப்பர் டியூப்பை, அதே உள்விட்டத்தில், மடங்காத நீளத்தில் வாங்குங்கள். இன்னொன்று: நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் எல்லாம் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. வருஷம் ஒரு முறை டியூப் முனைகளை விரலால் வளைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கழற்றும் முன் ஒவ்வொரு டியூப்புக்கும் ஒரு கலர் நூல் கட்டுங்கள். எது எங்கே மாட்டியிருந்தது என்று பிறகு யாரையும் கேட்க வேண்டாம். பெட்ரோல் டியூப்பை வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள்.

"கார்ப்ரேட்டர் காலமே முடிந்துவிட்டதே, இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்கலாம். உண்மைதான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். ஆனால் பால் கேன் கட்டிய வண்டிகளையும், மீன் பெட்டி கட்டிய வண்டிகளையும், ஐஸ் விற்கும் வண்டிகளையும் நின்று பாருங்கள். எத்தனை பேர் புதுசு வைத்திருக்கிறார்கள்? அந்த வண்டிகள் ஓடினால்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரியும். புது வண்டிகளிலும் டேங்க் மூச்சு விடத்தான் வேண்டும். கரி டப்பா வழியாக விடுகிறது, அவ்வளவே. அங்கேயும் டியூப் உண்டு, அங்கேயும் அடைக்கும்.

நாம் படிப்பது எதற்கு?

முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர். வீட்டில் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறது. "அவனுக்குத் தெரியும், அவன் படிச்சவன்" என்கிறார்கள். அந்த மரியாதையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. படித்தவன் பேசுவான், படிக்காதவன் கேட்பான் என்று நாமே நினைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு வண்டியின் நோயைக் கண்டுபிடித்தது என் டிப்ளமோ அல்ல. எட்டு மாதத்துக்கு முன்பே அப்பா கண்டுபிடித்துவிட்டார். "டேங்க் நெறஞ்சா நிக்குது" என்பதைவிடத் துல்லியமான ஒரு ரீடிங்கை எந்த மீட்டர் கொடுத்திருக்கும்? அந்த ரீடிங்கை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பாயில் விதி தெரிந்ததால் எனக்கு அது காதில் விழுந்தது. மெக்கானிக் அண்ணனின் விரல் இல்லாவிட்டால் அந்த வெடிப்பு உறுதியாகியிருக்காது. பார்த்தவர் ஒருவர், கை வைத்தவர் ஒருவர், காரணம் சொன்னவன் ஒருவன். மூன்றும் சேர்ந்ததால் வண்டி ஓடுகிறது.

ஆகவே நண்பர்களே, நாளை நீங்கள் சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, அழுக்கு வேட்டியோடு ஒருவர் வந்து நம்ப முடியாத புகார் ஒன்றைச் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். ஒரு பேப்பரை எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று கேளுங்கள். அவர் பேச்சில் பாதி விடை இருக்கும்.

பாக்கெட் பாலுக்கு மாறிய கடைக்காரர் இன்னும் திரும்பவில்லை. அப்பா இரண்டு புதுக் கடை பிடித்திருக்கிறார். அம்மா சீட்டுப் பணத்தில் கை வைக்கவில்லை. தங்கச்சி எந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடலாம் என்று தினமும் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த ஒண்ணாந்தேதி அப்பா டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார். கம்மாக்கரையைத் தாண்டிப் போன வண்டிச் சத்தம் டவுன் ரோட்டில் மறையும் வரை அம்மா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை